கைக்கேற்ற மட்டை

சென்ற ஆண்டு கொஞ்ச நாட்கள் அல்சூரில் ஒரு வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரண்டு மட்டைகள் அருகருகே கிடந்தன. ஒன்று 1982ல் வாங்கிய, மரத்தாலான பால் பேட்மின்டன் மட்டை. நரம்புகள் தொய்ந்து, கைப்பிடித் தோல் உரிந்துபோனது. மற்றொன்று வாங்கி ஐந்து வாரமே ஆன பேடல் மட்டை. கறுப்பு நிறம், வைரக்கல் வடிவம், முகம் முழுக்க கார்பன், விலை ரூ. 21,500. இரண்டின் சொந்தக்காரரும் கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தார். வலது கையால் தூக்கினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் யாரோ ஊசியால் குத்துவது போலிருந்தது.

அவருக்கு வயது 61. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெர்னியர் காலிப்பரும் மைக்ரோமீட்டரும்தான் அவர் ஆயுதங்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காக அவரைத் திட்டாத ஷிப்ட் கிடையாது. அப்படிப்பட்டவர் இந்த மட்டையை அளக்கவில்லை, நிறுக்கவில்லை. கடைச் சுவரில் தொங்கியதைப் பார்த்தார், கையில் எடுத்து இரண்டு முறை காற்றில் வீசினார், வாங்கிவிட்டார். "உங்க ஸ்டைல் என்ன சார்?" என்று விற்பனைப் பையன் கேட்டான். "அட்டாக்" என்றார் அவர், யோசிக்காமல்.

அவரை பேடலுக்கு இழுத்து வந்தது மகள். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இருந்தவரை அப்பா சொன்னதை மகளிடமும் மகள் சொன்னதை அப்பாவிடமும் கொண்டு சேர்த்தது அவர்தான். அவருக்குப் பின் ஒரே வீட்டில் இருவரும் "சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டிப் பேச வழி தெரியாமல் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகத் தோழிகளோடு ஆட ஒரு ஆள் குறைந்தது. "நீங்க வாங்கப்பா, நாலு பேர் வேணும்" என்றாள் மகள். பேடலில் எப்போதுமே நாலு பேர் வேண்டும். வழக்கமான பேடல் இரட்டையர் ஆட்டம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அதற்கு முந்தைய ஒரு மாதத்துப் பேச்சைவிட அதிகம். "என்னுது", "உன்னுது", "விடு, விடு" என்ற அளவில்தான் என்றாலும்.

பேடல் பிறந்த கதையே ஒரு வீட்டுச் சுவரின் கதை. 1969ல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா என்ற செல்வந்தர் தன் வீட்டில் ஒரு சிறிய ஆடுகளம் அமைத்தார். இருந்த இடம் சிறிது, சுற்றிலும் சுவர். எனவே சுவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். 1974ல் அவருடைய நண்பர் அல்ஃபோன்சோ டி ஹோகன்லோகே அதை ஸ்பெயினின் மார்பெல்லாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அர்ஜென்டினா, இத்தாலி, ஸ்வீடன், வளைகுடா நாடுகள் என்று பரவி, இப்போது பெங்களூரின் பல மூலைகளில் கண்ணாடிச் சுவர்களோடு முளைத்திருக்கிறது. களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் வலை. டென்னிஸ் போலவே புள்ளிக் கணக்கு. சர்வீஸ் மட்டும் இடுப்புக்குக் கீழிருந்து. பந்து ஒரு முறை தரையில் பட்ட பிறகு கண்ணாடியில் மோதித் திரும்பினாலும் ஆடலாம். மட்டையில் நரம்பு கிடையாது. துளைகள் போட்ட கெட்டியான பலகை. விதிப்படி அதன் நீளம் 45.5 செ.மீ., அகலம் 26 செ.மீ., தடிமன் 38 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்வதும் கட்டாயம்.

தடிமன் ஒன்றாக இருந்தாலும் மட்டைகள் ஒன்றல்ல. இதுதான் அந்தத் தர ஆய்வாளருக்குத் தாமதமாகத் தெரிந்தது.

அவர் நினைவில் அவர் ஓர் அடிக்கும் ஆட்டக்காரர். 1980ல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபோது அவருக்கு வயது 16. நகரமே இறகுப்பந்துக்கு மாறிய நேரத்திலும் அல்சூர்ப் பையன்கள் சிலர் மஞ்சள் கம்பளிப் பந்தோடு பால் பேட்மின்டனை விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் அரச குடும்பத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். மண் தரை, மாலைக் காற்று, காற்றுக்கு ஏற்ப வளையும் பந்து. அவர் பின்வரிசையில் நிற்பார். அங்கிருந்து தான் அடித்த ஸ்மாஷ்களைப் பற்றி மகளுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறார். அதனால் பேடல் களத்திலும் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டார். வலக்கைக்காரர்கள் இருவர் ஜோடி சேர்ந்தால் இடது பக்கத்தில் நிற்பவருக்குத்தான் நடுவில் உயர்ந்து வரும் பந்துகள் ஃபோர்ஹேண்டுக்கு வாகாகக் கிடைக்கும். முடிக்கும் வேலை அவருடையது. வலது பக்கத்தில் நிற்பவர் பொறுமையாகப் பந்தை ஓட்டி, வாய்ப்பை உண்டாக்கித் தர வேண்டும். மகள் ஒன்றும் சொல்லாமல் வலது பக்கம் போனாள்.

முதல் வாரம் வாடகை மட்டை. இரண்டாம் வாரம் சொந்த மட்டை. ஆறாம் வாரம் பிசியோதெரபிஸ்ட்.

"டென்னிஸ் எல்போ" என்றார் அந்தப் பெண்மணி. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் வந்து சேரும் இடத்தில் தசைநாண் நைந்துபோவது. டென்னிஸ் ஆடாதவர்களுக்கும் வரும். பெயின்டர்களுக்கும் தச்சர்களுக்கும்கூட வரும். பிறகு அவர் மட்டையைக் கேட்டு வாங்கி, கிடைமட்டமாக ஒரு விரலின் மேல் நிறுத்திப் பார்த்தார். அது தலைப்பக்கம் சாய்ந்தது. விரலைத் தலைப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். "சார், இது சுத்தியல். இதைத்தான் ஒரு மணி நேரம் வீசுறீங்க" என்றார்.

அன்றிரவு அவர் பழைய இரும்பு ஸ்கேலையும் சமையலறைத் தராசையும் எடுத்தார். 35 ஆண்டுகள் செய்த வேலையை ஐந்து வாரம் தாமதமாகச் செய்தார்.

மட்டையின் மேல் 360-375 கிராம் என்று அச்சிட்டிருந்தது. தராசு 389 காட்டியது. கூடுதல் எடை வேறெங்கிருந்தும் வரவில்லை. கண்ணாடியில் உரசாமலிருக்க அவரே தலை விளிம்பில் ஒட்டிய பாதுகாப்பு நாடாவும், கைப்பிடியில் சுற்றிய துணைப் பிடியும்தான். கைப்பிடியில் கூடிய எடை பரவாயில்லை. தலையில் கூடிய ஒவ்வொரு கிராமும் நெம்புகோலின் கடைசி முனையில் தொங்குகிறது. கைப்பிடியின் அடியிலிருந்து சமநிலைப் புள்ளியை அளந்தார்: 27 செ.மீ. சாதாரணமாக 25.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கைப்பக்கம் கனமான மட்டை, 26.5க்கு மேல் போனால் தலைப்பக்கம் கனம். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று இறகு போலவும் மற்றொன்று அம்மி போலவும் தோன்றுவது இந்த ஒன்றரை சென்டிமீட்டரால்தான்.

வடிவத்தின் கணக்கும் இதுவே. வட்ட மட்டையில் பந்து நன்றாகப் படும் இடம் நடுவில், பெரிதாக இருக்கும். எடை கைப்பக்கம் நிற்கும். வைர வடிவத்தில் அந்த இடம் மேலே ஏறிச் சிறுத்துவிடும். எடையும் மேலே போகும். சரியாகப் பட்டால் இடி, தவறினால் முழங்கைக்கு அதிர்வு. கண்ணீர்த் துளி வடிவம் இரண்டுக்கும் நடுவில்.

உள்ளே இருப்பது ஈ.வி.ஏ. ரப்பர், செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே வகை. மென்மையானது, கடினமானது என்று பல தரம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடினமான மட்டைதான் வேகமாக அடிக்கும் என்று தோன்றும். வேகமாகக் கை வீசுபவருக்கு அது உண்மை. மெதுவாக வீசுபவர் கையில் கடின ரப்பர் அமுங்கவே அமுங்காது. பந்து உயிரில்லாமல் விழும். மென்மையான ரப்பர் அமுங்கி, பந்தைத் தானே உதைத்து அனுப்பும். முகத்திலும் அப்படித்தான். கண்ணாடியிழை வளைந்து கொடுக்கும். கார்பன் விறைப்பாக நிற்கும். கார்பன் மட்டையில் 3கே, 12கே, 18கே என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒரு நூல்கற்றையில் எத்தனை ஆயிரம் இழைகள் என்பதைச் சொல்லும் எண் அது. தங்கத்துக்கு காரட் போலத் தரத்தைச் சொல்லும் எண்ணென்று நினைத்து 18க்குப் பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

வாரம் நான்கு நாள் பயிற்சி செய்யும் 25 வயதுக்காரனுக்காகச் செய்ததை அவர் வாங்கியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "கை சரியானதும் பாரு, இதே மட்டையில அடிச்சுக் காட்டுறேன்" என்றார் மகளிடம்.

மகள் வாதாடவில்லை. ஒரு தாளை நீட்டினாள். முழங்கை கெடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தை ஒரு தோழி செல்போனில் படம் பிடித்திருந்தாள். அதைப் போட்டுப் பார்த்து, அப்பாவின் ஒவ்வோர் அடியையும் மகள் எண்ணியிருந்தாள். மொத்தம் 140. பின்கண்ணாடியிலிருந்தும் தாழ்வாகவும் எடுத்துக் கொடுத்தவை 61. உயரத் தூக்கி எதிராளிகளின் தலைக்கு மேல் அனுப்பிய லாப் 52. வலையருகே தடுத்தவை 18. ஸ்மாஷ் 9. அந்த ஒன்பதில் புள்ளி கிடைத்தது இரண்டில். மற்ற ஏழும் வேகமாகப் போய்ப் பின்கண்ணாடியில் மோதி, எதிராளிகளுக்கு அருமையான பந்தாக எழும்பி வந்திருந்தன.

"52 லாப்ல எத்தனை சரியா விழுந்தது தெரியுமா?" என்றாள் மகள். "44. அதுலதான் நாம ஜெயிச்சோம்ப்பா."

தாளில் எண் இருந்தால் அவர் எதிர்த்துப் பேசியதில்லை, தொழிற்சாலையிலும் சரி, வீட்டிலும் சரி. அன்று மட்டும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பது அவருடைய காலை வழக்கம். தமிழ்ச் சங்கத்தையும், 1991ல் வைக்கப்பட்டு 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையையும் தாண்டி நடப்பார். அடுத்த வாரம் அங்கே பழைய ஐவர் அணியில் ஒருவரைச் சந்தித்தார். நரைத்து, பருத்து, குச்சி ஊன்றி வந்தார் அந்த நண்பர். பேச்சு ஆட்டத்துக்குத் திரும்பியது. முழங்கை கதையைச் சொன்னார். "நம்ம காலத்துல எப்படி அடிச்சேன்டா, இப்ப ஒரு ஸ்மாஷுக்கு முழங்கை போயிடுச்சு" என்றார்.

நண்பர் சிரித்தார். "டேய், நீ எங்கடா அடிச்ச? அடிச்சது முன்னாடி நின்ன ரெண்டு பேரு. நீ பின்னாடி நின்னு எடுத்துக் குடுத்தவன். எவன் எப்படி அடிச்சாலும் பந்து திரும்பி வரும். எதிர் டீம்காரன் உன்னைப் பார்த்துத்தான் எரிச்சல் படுவான்."

வீட்டுக்கு வந்ததும் மேல்தட்டிலிருந்து அந்த மர மட்டையை எடுத்தார். ஸ்கேலின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தார். தலைப்பக்கம் சாயவில்லை, எடை கைப்பக்கமே நின்றது. 18 வயதில் அதைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். அப்போது அவருக்குத் தன் ஆட்டம் எதுவென்று தெரிந்திருந்தது. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் அவர் மகளுக்குச் சொன்ன கதைகளில்தான் ஸ்மாஷ்கள் பெருகியிருந்தன.

முழங்கை ஆற மூன்று மாதமாயிற்று. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ஒரு கிலோ டம்பெல்லை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியைத் தினம் இரண்டு வேளை செய்தார். அடுத்த மட்டையை எடுக்கும்போது அவர் பழைய மனிதராகிவிட்டார். ரூ. 8,000 முதல் ரூ. 14,000 வரை என்று எல்லை வகுத்தார். அதற்குக் கீழே உள்ளவற்றில் முகம் சீக்கிரம் விரிசல் விடலாம் என்று பயந்தார். மேலே உள்ளவற்றில் கூடுதல் பணம் போவது பெரும்பாலும் விறைப்புக்கும் சாம்பியன்களின் கையெழுத்துக்கும். அவருக்குத் தேவையான மென்மைக்கு அல்ல. வாரந்தோறும் ஆடுபவரின் மட்டையில் ஓரிரு ஆண்டுகளில் ரப்பர் களைத்துவிடும் என்பதால், பேரனுக்கு எடுத்து வைக்கிற பொருளும் அல்ல அது. நடுத்தர விலை என்பது அவருக்குச் சமரசமாகப் படவில்லை. தேடிய பொருள் அங்கேதான் இருந்தது.

இந்த முறை வாங்குவதற்கு முன் இரவல் வாங்கினார். ஆடுகளங்கள் சிலவற்றில் மாதிரி மட்டைகளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நண்பர்களிடமும் கிடைத்தது. நான்கு மட்டைகளை நான்கு ஞாயிறுகள் ஆடினார். ஒவ்வொன்றிலும் ஒரே சோதனை: பின்கண்ணாடியிலிருந்து எடுத்து 20 லாப், வலையருகே 20 தடுப்பு, கடைசியாக 5 ஸ்மாஷ். அதுவும் ஆட்டம் தொடங்கும்போது அல்ல, முடிந்து கை களைத்த பிறகு. புதுக் கையில் எல்லா மட்டையும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலை டம்ளரைத் தூக்கிப் பார்த்து, முழங்கை என்ன சொல்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார்.

பெங்களூருக்கே உரிய ஒரு காரணத்தையும் கணக்கில் சேர்த்தார். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு; சென்னையைவிட இங்கே பந்து வேகமாகப் பறக்கும், கூடுதலாக எழும்பும். சர்வதேச பேடல் விதிகளே 500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் சற்றுக் குறைவாக எழும்பும் பந்தை அனுமதிக்கின்றன. வேகத்தை ஊரே இலவசமாகக் கொடுக்கும்போது மட்டையிடம் கேட்க வேண்டியது கட்டுப்பாடு என்று முடிவு செய்தார்.

கடைசியில் வாங்கியது வட்ட வடிவம், கண்ணாடியிழை முகம், மென்மையான ரப்பர். விலை ரூ. 10,800. தராசில் 358 கிராம், சமநிலை 25.2 செ.மீ. கடையிலேயே ஸ்கேலை எடுத்து அளந்தபோது விற்பனைப் பையன் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பேடல் மட்டைகளின் பிடி பெரும்பாலும் மெலிதாகத்தான் வரும். பெரிய கை உள்ளவர் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த இறுக்கமே முழங்கைக்கு எதிரி. எனவே இரண்டு சுற்றுத் துணைப் பிடி போட்டார். தலையில் நாடா ஒட்டவில்லை. வெயிலில் நிற்கும் காரில் மட்டையை விட்டுவைப்பதும் இல்லை. சூட்டில் ரப்பர் தளர்ந்துவிடும்.

வைர மட்டையை மகளுக்குக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை. "என் கைக்கும் அது ஜாஸ்திப்பா" என்றாள். தனக்கென்று அவள் எடுத்தது கண்ணீர்த் துளி வடிவம், நடுத்தர ரப்பர், ரூ. 12,500. கறுப்பு மட்டை பாதி விலைக்கு, தினம் ஆடும் ஓர் இளைஞனிடம் போனது. அவன் கையில் அது இடியாகத்தான் இறங்குகிறது. மட்டை மேல் குற்றமில்லை.

புது மட்டையோடு போன முதல் ஞாயிறு, களத்துக்குள் நுழைந்ததும் அவர் நேராக வலது பக்கம் போய் நின்றார். மகள் ஒரு கணம் பார்த்தாள்.

"நீங்க லெஃப்ட்லயே நில்லுங்கப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீ அடி. நான் எடுத்துக் குடுக்குறேன்."

இரண்டாவது செட்டில் 4-4 என்று நின்றபோது எதிராளி ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து அவர் காலருகே விழுந்து, பின்கண்ணாடியில் மோதித் திரும்பியது. அவர் அவசரப்படவில்லை. உடலைத் திருப்பி, முழங்காலை மடக்கி, பந்து இடுப்புக்கு வரும்வரை காத்திருந்து, தூக்கினார். அது விளக்குக் கம்பத்தின் உயரத்துக்குப் போய், எதிராளிகள் இருவரும் பின்னால் ஓட, மூலையில் விழுந்தது. தட்டுத் தடுமாறி அவர்கள் திருப்பிய பந்து வலைக்கு மேல் மெதுவாக மிதந்து வந்தது. இடது பக்கத்திலிருந்து மகள் நகர்ந்து வந்து, மட்டையை உயர்த்தினாள்.

அவர் பந்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது வழியில் ஓர் ஓட்டலில் காரை நிறுத்தினார்கள். காபி வந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் எந்தக் கையால் டம்ளரை எடுத்தோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள்.